555 நோட்டில் ஒரு பொறியாளர்

நான் அண்ணன் என்று அழைத்த மூத்த பொறியாளரின் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுவாரம், அவர் மனைவியான அண்ணி என்னை ஈசூன் வீட்டுக்கு வரச்சொல்லி, மேசைமேல் ஒரு பழைய பிஸ்கட் டின்னை வைத்தார். உள்ளே பதினொரு 555 நோட்டுகள் இருந்தன. இங்கே சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் ஒரு காலத்தில் மளிகைக் கடைக் கடனை எழுதிவைக்க எல்லா வீடுகளிலும் கிடந்த, சட்டைப் பைக்குள் அடங்கும் அதே சிறு நோட்டுகள்தான். அண்ணன் அவற்றில் கடன் எழுதவில்லை. 1991 முதல் தாம் மோட்டார்சைக்கிளில் காட்டுப் பாதைக்குப் போன ஒவ்வொரு நாளையும் ஒரே வரியில் பதிந்திருந்தார்: தேதி, இடம், மழை, டயரின் காற்றழுத்தம், ஓடிய கிலோமீட்டர், உடன் வந்தவர்கள். சில வரிகளின் முடிவில் மட்டும் ஒரு சொல் கூடுதலாக இருந்தது: "திரும்பிவிட்டோம்." போகக் கிளம்பிய இடத்தைச் சேராமல் பாதியிலேயே வண்டியைத் திருப்பிய நாள்கள் அவை. இரண்டு இரவு உட்கார்ந்து எண்ணிப் பார்த்தேன். 318 பயணங்களில் 47 முறை திரும்பியிருக்கிறார்.

மண்டாய் தகனச்சாலையில் அவரைப் பற்றிப் பேசியவர்கள் பலரும் "பயமே அறியாதவர்" என்றார்கள். சேறு பூசிய வண்டியோடு நிற்கும் புகைப்படத்தை வைத்து அப்படிச் சொல்லத் தோன்றுவது இயல்புதான். இருபது ஆண்டுகள் அவருக்குப் பின்னால் வண்டி ஓட்டியவன் என்ற முறையில் அந்தப் பேச்சை என்னால் ஏற்க முடியவில்லை. பயத்தை அவர் நன்றாக அறிந்திருந்தார். அதைத் தம் தொழிலில் அளவுமானிகளைப் பார்ப்பதுபோல அடிக்கடி பார்த்துக்கொண்டார்.

2003இல் நான் வேலைக்குச் சேர்ந்த நீரேற்று நிலையத்தில் அவர் மூத்த இயந்திரப் பொறியாளர். முதல் வாரத்திலேயே என்னை ஒரு பெரிய பம்பின் அருகே நிறுத்தி, நீளமான ஸ்குரூ டிரைவர் ஒன்றின் முனையை பேரிங் உறைமேல் வைத்து, கைப்பிடியைக் காதுக்குப் பின்னுள்ள எலும்பில் அழுத்திக் கேட்கச் சொன்னார். எனக்கு வெறும் இரைச்சல்தான் கேட்டது. "அம்மியில மிளகாய் அரைக்கிற மாதிரி இல்ல?" என்றார். அதன்பிறகு அது மட்டுமே கேட்டது. அடுத்த பராமரிப்பு நிறுத்தத்தில் கழற்றியபோது, பேரிங்கின் வெளிவளையத்தில் அரிசி முனை அளவுக்குக் குழிகள் விழுந்திருந்தன. அதிர்வை அளக்கும் கருவிகள் நிலையத்தில் இல்லாமல் இல்லை. கருவி எண்ணைத்தான் தரும், அந்த எண் எதைச் சொல்கிறது என்று தெரிய ஒருமுறையாவது காதால் கேட்டிருக்க வேண்டும் என்பது அவர் கட்சி.

அவர் 1960இல் பிறந்தவர். தந்தை செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்தவர். அப்பர் தாம்சன் சாலையில் 1961 முதல் 1973 வரை நடந்த கிராண்ட் பிரீ பந்தயங்களை, தந்தையின் சைக்கிளில் முன்கம்பியில் உட்கார்ந்துபோய்ப் பார்த்த கதையை அவர் சொல்லக் கேட்காதவர்கள் எங்கள் நிலையத்தில் இல்லை. மற்ற பிள்ளைகள் கார்களைப் பார்த்தபோது தாம் மோட்டார்சைக்கிள்களைப் பார்த்ததாகவும், அதிலும் அவை வேகமெடுப்பதைவிட வளைவுக்கு முன்னால் வேகத்தைக் குறைப்பதைப் பார்ப்பதுதான் பிடித்திருந்ததாகவும் சொல்வார். தேசிய சேவையில் தகவல் கொண்டுசெல்லும் மோட்டார்சைக்கிளோட்டியாக இருந்தார். அங்கேதான் மண் பாதையில் நின்றுகொண்டே வண்டி ஓட்டப் பழகினார்.

சிங்கப்பூரில் மண் பாதைக்கான ஸ்கிராம்ப்ளர் மோட்டார்சைக்கிள் வைத்திருப்பவருக்கு ஓர் இக்கட்டு உண்டு. வண்டி இருக்கும், அதற்கேற்ற மண் இருக்காது. இயற்கைப் பூங்காக்களிலும் காட்டுப் பாதைகளிலும் மோட்டார்சைக்கிள் நுழையக் கூடாது. ஆகையால் கடற்பாலத்தைத் தாண்டி மலேசியாவின் ஜொகூருக்குப் போய்த்தான் ஆகவேண்டும். ஞாயிற்றுக்கிழமை அதிகாலை நான்கரைக்கெல்லாம் உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியில் வரிசையில் நிற்போம். பாலத்தின் ஓரமாக நம்முடனே வரும் நீர்க்குழாய்களைக் காட்டி, ஜொகூர் ஆற்று நீருக்கான 1962 உடன்படிக்கை, 2061 வரை, நாளொன்றுக்கு 250 மில்லியன் கேலன் என்று அவர் பாடம் எடுப்பார். நாங்கள் அன்று சேறு குழப்பப் போகும் கோத்தா திங்கி வட்டாரத்து ஆற்று நீர்தான் புறப்படும் முன் குடித்த கோப்பியிலும் இருந்தது என்பதில் அவருக்கு ஒரு தீராத மகிழ்ச்சி.

2005இல் நடந்த ஒன்றை விரிவாகவே சொல்ல வேண்டும். கோத்தா திங்கிக்கு வடக்கே, எண்ணெய் எடுக்கும் ஒரு செம்பனைத் தோட்டத்தின் நடுவில் சிற்றோடை ஒன்று குறுக்கிட்டது. அண்ணன் வண்டியை நிறுத்தி, பூட்ஸோடு இறங்கி, அக்கரைவரை நடந்துபோய்த் திரும்பி வந்து, தாம் நடந்த அதே தடத்தில் வண்டியை ஓட்டிக் கடந்தார். இரண்டாமவரும் அப்படியே கடந்தார். மூன்றாவதாக வந்த நான், இரண்டு முழம் தள்ளித் தண்ணீர் அமைதியாகத் தெரிந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தேன். பழக்குலை ஏற்றும் லாரி புதைந்து உண்டான பள்ளம் அங்கே இருந்தது. முன்சக்கரம் இறங்கியது, தண்ணீர் இருக்கைவரை ஏறியது, என்ஜின் ஒரு விக்கலோடு நின்றது. என் கட்டைவிரல் தானாக ஸ்டார்ட்டர் பொத்தானை நோக்கிப் போனது.

"தம்பி, ஸ்டார்ட்டர்ல கை வைக்காதே!"

அவர் என்னிடம் குரல் உயர்த்திய ஒரே சந்தர்ப்பம் அதுதான். வண்டியைக் கரைக்கு இழுக்க நால்வர் தேவைப்பட்டது; நாங்கள் மூவர்தான் இருந்தோம். நான்காவதாக, எங்கிருந்தோ ஒரு கயிற்றோடு வந்து சேர்ந்தவர் தோட்டத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒரு தமிழ்ப் பெரியவர். "சிங்கப்பூருங்களா? நேத்து ராத்திரி மேல நல்ல மழைங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு இழுத்தார்.

கரையில் நடந்தது எனக்கு நீரியல் வகுப்பு. இருக்கையைக் கழற்றினார், ஏர் பில்டர் பெட்டிக்குள் தண்ணீர் நின்றது. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிய பிறகு, என்னைக் கூப்பிட்டு இப்போது ஸ்டார்ட்டரை அழுத்தச் சொன்னார். பிளக் இருந்த துளையிலிருந்து தண்ணீர் பீய்ச்சி அவருடைய சட்டை முழுவதையும் நனைத்தது. "பிளக் உள்ளே இருந்திருந்தா இந்தத் தண்ணி எங்கே போயிருக்கும்? காத்தை அமுக்கலாம், தண்ணியை அமுக்க முடியாது. அதை வச்சுத்தானே நாம சம்பளம் வாங்குறோம்?" பிஸ்டன் மேலே வரும்போது அமுங்காத தண்ணீர் வழிமறித்தால், அதைத் தள்ளும் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். அதாவது, நான் ஒருமுறை அழுத்தியிருந்தால் என்ஜினையே பிரிக்க நேர்ந்திருக்கும். பிறகு வண்டியைப் பின்சக்கரத்தில் நிமிர்த்தி நிறுத்திப் புகைக்குழாயில் இருந்த தண்ணீரை வடித்தோம். பில்டர் பஞ்சைப் பிழிந்து வெயிலில் காயவைத்தோம். எண்ணெய் பால் கலந்த கோப்பியின் நிறத்தில் இருந்ததால், அவர் முதுகுப்பையில் எப்போதும் சுமக்கும் ஒரு லிட்டர் எண்ணெயை மாற்றி ஊற்றி, மெதுவாக ஓட்டி, வீட்டுக்கு வந்ததும் மறுபடி ஒருமுறை மாற்றினோம். முழுதாக நான்கு மணி நேரம் போயிற்று. அதற்குள் பெரியவர் வீட்டிலிருந்து ஒரு கெண்டி கோப்பி ஓ, பாலில்லாத கோப்பி, வந்திருந்தது.

நோட்டில் அந்த நாளுக்கான வரியில் என்னைப் பற்றிக் குறை ஒன்றும் இல்லை. "ஓடை. தம்பி வண்டி குளித்தது. திரும்பிவிட்டோம்" என்றுதான் இருக்கிறது. அதற்குப் பிறகு அந்தப் பக்கம் போனபோதெல்லாம், இங்கிருந்து கோடாலித் தைலம் இரண்டு புட்டி வாங்கிப்போய்ப் பெரியவரிடம் கொடுப்பது அவருக்கு வழக்கமாயிற்று. ஓடையைக் கடக்கும் முன் நடந்துபார்ப்பது எனக்கும் வழக்கமாயிற்று. நடக்க முடியாத தண்ணீரில் ஓட்டவும் முடியாது. நடந்த தடத்தைவிட்டு அரை முழம்கூட விலகக் கூடாது.

அடுத்த ஆண்டு, 2006 டிசம்பரில், அதே ஓடைக்கு மறுபடி போனோம். தண்ணீர் தே தாரிக் எனும் பால் தேநீரின் நிறத்தில், இலை தழைகளைச் சுமந்துகொண்டு ஓடியது. இந்த முறை அவர் இறங்கி நடக்கவே இல்லை. ஒரு செம்பனை மட்டையின் துண்டை எடுத்து, நீரும் மண்ணும் சந்திக்கும் விளிம்பில் குத்திவிட்டு, பத்து நிமிடம் பேசாமல் நின்றார். அதற்குள் குச்சி தண்ணீருக்குள் போயிருந்தது. எதையும் விளக்காமல் வண்டியைத் திருப்பினார். கடற்பாலத்துக்கு வந்துசேரும்வரை நான் முணுமுணுத்துக்கொண்டே வந்தேன், ஒரு ஞாயிறு வீணாயிற்றே என்று. அந்த மாதமும் அடுத்த மாதமும் கோத்தா திங்கி நகரம் வெள்ளத்தில் மூழ்கிய படங்களைத் தொலைக்காட்சியில் பார்த்தபோது, இருவரும் ஒரே உணவறையில் இருந்தோம். அவர் என் பக்கம் திரும்பவில்லை. திரும்பியிருந்தால் எனக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும்.

அவரோடு போவதற்குச் சில விதிகள் இருந்தன. யாரும் அவற்றை எழுதி வைக்கவில்லை. மண்ணில் இறங்கும் முன் டயர் காற்றை 14 பிஎஸ்ஐ அளவுக்கு இறக்க வேண்டும். தார்ச்சாலைக்கு வந்ததும் கைப்பம்பால் மறுபடி ஏற்ற வேண்டும். காற்றைக் குறைத்தால் டயர் அகன்று மண்ணைப் பிடிக்கும், ஆனால் விளிம்பைவிட்டு நழுவாமல் இருக்க உள்ளே பூட்டு இருக்க வேண்டும். அது இல்லாத வண்டிக்கு அந்த அளவு ஆகாது. செயினை இறுக்கமாக வைப்பதை நேர்த்தி என்று புதியவர்கள் நினைப்பார்கள். சஸ்பென்ஷன் நீளமாக இறங்கி ஏறும் இவ்வகை வண்டியில் இறுக்கிய செயின் பேரிங்கைத்தான் தின்னும் என்பார். செம்பனை மட்டையின் முள் டயரில் ஏறினால் வெளியே தெரியாது. கை வைத்துத் தடவித்தான் பார்க்க வேண்டும், அதுவும் கையுறையோடு.

தோட்டம் தனியார் நிலம். எனவே வாயிற்காவலரிடம் பெயரைச் சொல்லி அனுமதி கேட்காமல் உள்ளே போனதில்லை. மறுத்தால் வாதாடியதும் இல்லை. அந்த 47இல் ஆறு, வாயிலிலேயே திரும்பியவை. தோட்டத்துச் சாலையில் குலை லாரிக்குத்தான் முதலுரிமை. செம்மண் மேட்டின் மறுபக்கம் லாரி வருகிறது என்றே வைத்துக்கொண்டு ஓட்ட வேண்டும். அவசர எண்ணைப் பற்றி ஒவ்வொரு முறையும் புதியவர்களிடம் கேட்பார். ஆம்புலன்சுக்கு 995 என்று இங்கே நமக்குக் கை பழகியிருக்கும். கடற்பாலத்தைத் தாண்டினால் 999. விழுந்து கிடப்பவனின் பக்கத்தில் நின்றுகொண்டு இதை நினைவுக்குக் கொண்டுவர முடியாது. எனக்கே 2011இல் காறை எலும்பு முறிந்தபோது, உடனிருந்த ஒருவர் 995ஐ மூன்று முறை அழைத்துக்கொண்டிருந்தார். (அன்று அண்ணன் வரவில்லை. வந்திருந்தால் அந்த மேட்டில் என்னை ஏறவிட்டிருக்க மாட்டார்.) காப்புறுதிப் பத்திரத்தின் விதிவிலக்குப் பக்கத்தை நான் முதன்முதலாகப் படித்தது கட்டுப்போட்ட கையோடுதான். அதைப் புறப்படும் முன் படிப்பதே நல்லது. மலேசியாவுக்குச் செல்லுபடியாகும் பத்திரம், தோட்டத்து மண்ணுக்கும் செல்லுபடியாகும் என்று யாரும் உறுதி சொல்லவில்லை.

இவ்வளவு கவனமாக இருந்த மனிதர் தம் உடம்பைக் கவனிக்காமல் விட்டார் என்பதைச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை எழுதுவது பொய்யாகிவிடும். 2020 மார்ச்சில் கிருமித்தொற்றால் எல்லை மூடப்பட்டது. 2022 ஏப்ரல் 1 வரை மோட்டார்சைக்கிளில் கடக்க முடியவில்லை. ஒன்பதாவது நோட்டில் அந்த இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு வரிகூட இல்லை. அதே காலத்தில்தான் வயிற்றில் ஏதோ சரியில்லை என்று அண்ணியிடம் சொல்லத் தொடங்கியிருக்கிறார். "கோவிட் முடியட்டும், பார்த்துக்கலாம்" என்று ஒத்திப்போட்டிருக்கிறார். 2021 டிசம்பரில் பார்த்தபோது பெருங்குடலில் தொடங்கிய புற்றுநோய் கல்லீரலைத் தொட்டிருந்தது.

அவர் இறந்த பிறகு கருவிப் பெட்டியை ஒழுங்குபடுத்தியது நான்தான். இரண்டாவது இழுப்பறையில், எண்ணெய்த் துணியில் சுற்றிய, நுண் இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜுக்குக் கீழே, பிரிக்காத ஓர் உறை இருந்தது. 50 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்குச் சிங்கப்பூர்ப் புற்றுநோய்ச் சங்கம் இலவசமாகத் தரும் மலப் பரிசோதனைப் பெட்டி அது. இரண்டு வெவ்வேறு நாள்களில் சிறு மாதிரி எடுத்து அஞ்சலில் அனுப்பினால் போதும். கண்ணுக்குத் தெரியாத இரத்தக் கசிவு இருக்கிறதா என்று பார்த்துச் சொல்வார்கள். அதன் காலாவதித் தேதி 2019இல் முடிந்திருந்தது. ஸ்குரூ டிரைவரை உறையில் வைத்துக் கேட்பதுபோன்ற ஒரு காரியம்தான். எனக்குக் கோபம் வந்தது. அன்றைக்கு முழுவதும் அந்தக் கோபம் இறங்கவில்லை. எனக்கு அப்போது 46 வயது. மறுநாள் மருத்துவரிடம் போய், குடும்பத்தில் என் பெரியப்பாவுக்கு இந்நோய் இருந்ததைச் சொல்லி, என் பரிசோதனைக்கு நாள் குறித்துக்கொண்டேன்.

சிகிச்சைக்கு நடுவே, எல்லை திறந்த பிறகு, 2022 ஜூனில் அவரைக் காரில் அந்தத் தோட்டத்துக்கு அழைத்துப்போனேன். பெரியவர் வீடு பூட்டியிருந்தது. நோட்டில், நடுங்கிய எழுத்தில் இப்படி இருக்கிறது: "காரில். பெரியவர் மகன் வீட்டுக்குப் போய்விட்டாராம். தைலத்தைப் பக்கத்து வீட்டில் கொடுத்தேன்." கடைசி வரி 2023 ஜனவரியில் எழுதியது. யாரிடமும் சொல்லாமல் தனியாக வண்டியை எடுத்திருக்கிறார். "லிம் சூ காங் சாலை. காற்று 24. தலை சுற்றியது. திரும்பிவிட்டேன்." மற்ற எல்லா இடத்திலும் பன்மையில் இருந்த சொல் அங்கே மட்டும் ஒருமையில் இருந்தது.

ஏப்ரலில் அவர் போனபோது உயில் எதுவும் இல்லை. மத்திய சேமநிதிக்கு முன்பே நியமனம் செய்திருந்ததால் அந்தப் பணம் தடையின்றி அண்ணிக்கு வந்தது. நியமனம் இருந்தால் அது சொத்துக் கணக்கில் சேராது. மற்றவற்றுக்கு நீதிமன்றத்தில் நிர்வாக அதிகாரப் பத்திரம் பெறவேண்டியிருந்தது; அதுவரை மோட்டார்சைக்கிளை விற்கவும் முடியவில்லை, காப்புறுதி அவர் பெயரில் இருந்ததால் சாலையில் ஓட்டவும் முடியவில்லை. நான் சனிக்கிழமைதோறும் அடுக்குமாடி வாகன நிறுத்தத்துக்குப் போய் அதைப் பார்த்துவந்தேன். கார்புரேட்டர் உள்ள வண்டியைப் பல மாதம் நிறுத்திவைப்பதாயின், கிண்ணத்தில் உள்ள பெட்ரோலை வடித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் அது பிசினாகி நுண்துளைகளை அடைக்கும். பேட்டரியைக் கழற்றி வீட்டில் மின்னேற்றி வைத்தேன். வண்டியின் பெட்டிச் சாவி, சாலைவரி, இணையக் கணக்கு ஆகிய மூன்றையும் எங்கே வைத்திருக்கிறோம் என்று வீட்டில் ஒருவருக்காவது தெரிந்திருந்தால், அண்ணிக்கு ஏழெட்டு அலைச்சல் மிச்சமாகியிருக்கும்.

அந்த வண்டி 2008இல் வாங்கிய சுசூகி டிஆர்-இசட்400. 2018இல் பத்தாண்டுக்கு வாகன உரிமைச் சான்றிதழைப் புதுப்பித்திருந்தார். அண்ணியின் விருப்பப்படி, அதை வாங்க வந்தவர்களில் அதிக விலை சொன்னவருக்குக் கொடுக்கவில்லை. புக்கிட் பாத்தோக்கைச் சேர்ந்த ஓர் இளைஞர், விலை பேசும் முன் மண்டியிட்டு ஸ்பிராக்கெட் பற்களைத் தடவிப் பார்த்தார். அவருக்குக் கொடுத்தோம். கூடவே கடைசி மூன்று நோட்டுகளின் நகலும் போயிற்று.

இரண்டு வாரம் கழித்து ஒரு ஞாயிறு காலை அவர் அழைத்தார். குரலில் பதற்றம். அளவுக்குச்சியை எடுத்துப் பார்த்தால் எண்ணெயே இல்லை, என்ஜின் எண்ணெயைக் குடித்துவிட்டதோ என்றார். என்ஜினை ஓடவிட்டுப் பார்த்தீர்களா என்று கேட்டேன். இல்லை, இரவெல்லாம் நின்ற வண்டி, குளிர்ந்திருக்கும்போதுதானே சரியான அளவு தெரியும் என்றார். 2008இல் நானும் அண்ணனிடம் அதையேதான் சொன்னேன்.

இந்த வண்டியில் எண்ணெய் சட்டத்துக்குள்தான் இருக்கிறது, நிறுத்திவைத்தால் மெல்ல என்ஜினுக்குள் இறங்கிவிடும், அதனால் குச்சி பொய் சொல்லும் என்றேன். இப்போது எண்ணெய் எதுவும் ஊற்ற வேண்டாம். மூன்று நிமிடம் ஓடவிடுங்கள், நிறுத்துங்கள், இன்னும் இரண்டு மூன்று நிமிடம் பொறுங்கள், வண்டியை நேராக நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு பாருங்கள்.

தொலைபேசியை வைக்காமல் காத்திருந்தேன். வாகன நிறுத்தத்துக் கூரைக்குக் கீழே அந்த ஒற்றைச் சிலிண்டர் சத்தம் எழுந்து, ஓடி, நின்றது. கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்கவில்லை.

"சரியா இருக்குண்ணே," என்றார். "இரண்டு கோட்டுக்கும் நடுவுல இருக்கு."